ஏரியைச் சுற்றி 100 மீட்டர் விட்டால் போதுமா?

கேள்வி: எங்கள் ஊர் மொத்தமும் ஒரே ஒரு நீர்த்தேக்கத்தின் தண்ணீரைத்தான் குடிக்கிறது. அதற்கு மேலே இருக்கும் சரிவுகளில் சில வருடங்களாக மனைப்பிரிவுகள் வரிசையாக வந்துகொண்டிருக்கின்றன. இப்போது ஊர் மன்றம் ஒரு மண்டல விதி வரைவை வெளியிட்டிருக்கிறது. நீர்த்தேக்கக் கரையிலிருந்து 100 மீட்டருக்குள் கட்டடம் கூடாது, அதற்கு அப்பால் ஒரு வீட்டுக்குக் குறைந்தது 1 ஏக்கர், "தகுந்த காரணம் இருந்தால்" மன்றம் தளர்வு தரலாம். மேலே நிலம் வைத்திருப்பவர்கள் கொதித்துப்போயிருக்கிறார்கள், அவர்களில் என் சித்தப்பாவும் ஒருவர். சுத்திகரிப்பு நிலையப் பொறியாளரோ எந்தத் தண்ணீர் வந்தாலும் சுத்தம் செய்துவிடலாம், இந்த விதியே தேவையில்லை என்கிறார். ஒரு ரிசார்ட் நிறுவனம் சொந்தமாகக் கழிவுநீர் சுத்திகரிப்பு வைத்துக்கொள்கிறோம், எங்களுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள் என்று கேட்கிறது. கருத்துக் கேட்புக் கூட்டத்தில் குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் நான் பேச வேண்டும். இந்த வரைவு போதுமா? என்ன பேசுவது?

பதில்:

வணக்கம். நீங்கள் அனுப்பிய வரைவை முழுவதும் படித்தேன். ஊரில் எல்லோரும் அந்த 100 மீட்டரை வைத்துத்தான் மல்லுக்கட்டுகிறார்கள் போலிருக்கிறது, ஆனால் நில உபயோகத் திட்டமிடலே தொழிலாக இருக்கிற எனக்குப் பயம் தந்தது "தகுந்த காரணம் இருந்தால்" என்ற மூன்று சொற்கள்தான். கூட்டத்தில் ஒரே ஒரு விஷயம்தான் பேச முடியும் என்றால் அதைப் பற்றிப் பேசுங்கள். ஏன் என்று சொல்கிறேன், அதற்கு முன்னால் மற்றக் கேள்விகளை முடித்துவிடலாம், ஏனென்றால் எல்லாம் கடைசியில் அங்கேதான் போய்ச் சேருகின்றன.

முதலில் 100 மீட்டர். அது வேண்டியதுதான், எடுத்துவிடாதீர்கள். ஆனால் அது நீர்த்தேக்கத்தின் கரையிலிருந்து மட்டும் அளக்கப்படுகிறது. உங்கள் நீர்த்தேக்கத்துக்குத் தண்ணீர் கரை வழியாகவா வருகிறது? மேலே சரிவுகளில் கிளைகிளையாகப் பிரிந்து கிடக்கும் ஓடைகள் வழியாகத்தானே வருகிறது, அதிலும் பாதி ஓடைகள் வருடத்தில் பல மாதம் வறண்டு கிடப்பவை, வரைபடத்தில் கோடாகக்கூட இருக்காது, மழை பெய்தால் மட்டும் உயிர் வரும். அந்த வறண்ட ஓடையை ஒட்டி ஒருவர் கழிவறைக்கு உறிஞ்சுகுழி தோண்டினால் உங்கள் வரைவின்படி தவறே இல்லை, ஏனென்றால் ஏரி அங்கிருந்து 2 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நியூயார்க் நகரத்தின் நீர்ப்பிடிப்பு விதிகளில் (நீர்ப்பிடிப்பு என்றால் நீர்த்தேக்கத்துக்கு மழைத் தண்ணீர் வந்து சேரும் மொத்த நிலப்பரப்பு) இதை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள்: நீர்த்தேக்கத்திலிருந்து 300 அடிக்குள் புதிதாகத் தண்ணீர் இறங்காத தரை போடக்கூடாது, அதோடு நிற்காமல் எந்த ஓடையிலிருந்தும் ஈரநிலத்திலிருந்தும் 100 அடிக்குள்ளும் கூடாது. மாசசூசெட்ஸ் மாநிலம் 1992ல் கொண்டுவந்த சட்டமும் அப்படித்தான், நீர்த்தேக்கத்துக்கு 400 அடி என்றால் அதில் வந்து சேரும் ஓடைகளுக்கு 200 அடி. ஓடையைச் சேர்க்காத பாதுகாப்பு விதி பாதி விதிதான். கூட்டத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில் யாராவது இரண்டு பேர் மேலே நடந்துபோய், தண்ணீர் எங்கெல்லாம் ஓடுகிறது என்று போனில் இடத்தைக் குறித்துக்கொண்டு வரட்டும், அந்தப் படத்தை வரைவோடு இணைக்கச் சொல்லுங்கள்.

போகும்போது வாய் அகன்ற கண்ணாடி பாட்டில் இரண்டு எடுத்துப்போகச் சொல்லுங்கள். புதிதாக மண் வெட்டிய மனைப்பிரிவுக்கு மேலே ஓடையில் ஒன்று, அதற்குக் கீழே இருக்கும் சிறுபாலத்தில் ஒன்று, மழை தொடங்கிய அரை மணிக்குள் பிடிக்க வேண்டும், முதல் தண்ணீரில்தான் எல்லாம் வரும். மேலே பிடித்தது லேசாகக் கலங்கியிருக்கும். கீழே பிடித்தது பெரும்பாலும் செம்மண் குழம்பாக இருக்கும், அசைக்காமல் வைத்துவிட்டு மறுநாள் பார்த்தால் அடியில் ஒரு படலம் வண்டல் தங்கியிருக்கும், அதற்கு மேலே உள்ள தண்ணீர் அப்போதும் தெளிந்திருக்காது, ஏனென்றால் நுண்ணிய களிமண் துகள் லேசில் அடியில் இறங்காது. இந்தத் துகளில்தான் பாஸ்பரஸ் ஒட்டிக்கொண்டு வருகிறது. ஏரியில் பாசி பெருகுவதற்கு முக்கியமான தீனி அதுதான். இரண்டு பாட்டிலையும் கூட்டத்தில் மேசைமேல் வையுங்கள், பேச வேண்டியதில் பாதி குறைந்துவிடும்.

அடுத்து பொறியாளர் சொன்னது. அவர் தன் வேலையை நம்புகிறார், அதில் குற்றமில்லை. ஆனால் "எந்தத் தண்ணீர் வந்தாலும்" என்பது சரியில்லை. படிகாரம், மணல் வடிகட்டி, குளோரின் என்று இருக்கும் வழக்கமான நிலையம் கலங்கலை எடுக்கும், பெரும்பாலான கிருமிகளைக் கொல்லும். நைட்ரேட்டை எடுக்காது, உப்பை எடுக்காது, கரைந்து வரும் பூச்சிமருந்துகள் பலவற்றை எடுக்காது. தண்ணீரில் இலைதழை, பாசி போன்ற கரிமப் பொருள் அதிகமாக இருந்தால் குளோரின் அதோடு சேர்ந்து டிரைஹேலோமீத்தேன் போன்ற வேண்டாத சேர்மங்களை உண்டாக்கும், அதாவது ஏரி கெடக்கெட குளோரினும் கூட்ட வேண்டியிருக்கும், குளோரின் கூட்டக்கூட்ட இன்னொரு பிரச்சினை வளரும். 1993ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் சுமார் 4 லட்சம் பேர் வயிற்றுப்போக்கில் விழுந்தார்களே, அங்கே சுத்திகரிப்பு நிலையம் இல்லாமல் இல்லை. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி, குளோரினுக்கு அசையாதது, வடிகட்டியையும் தாண்டி வீடுகளுக்குப் போய்விட்டது. 2014 ஆகஸ்டில் அதே நாட்டின் டொலிடோ நகரத்தில் ஈரி ஏரியின் பாசி நச்சு குழாய்த் தண்ணீரிலேயே வந்து, சுமார் 3 நாள் யாரும் குடிக்கக்கூடாது என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. கொதிக்க வைத்தும் குடிக்க முடியாது, அந்த நச்சு கொதித்தால் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும்.

பொறியாளரைக் கூட்டத்தில் எதிரியாக்காதீர்கள். அவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: வருகிற தண்ணீரின் கலங்கலும் பாஸ்பரஸும் இரண்டு மடங்கானால் படிகாரச் செலவும் வண்டல் அகற்றும் செலவும் எவ்வளவு கூடும், இப்போதிருக்கும் நிலையம் தாங்குமா, இல்லை புதிதாகக் கட்ட வேண்டுமா? நியூயார்க் 1990களில் இந்தக் கணக்கைத்தான் போட்டது. மலைப்பகுதியிலிருந்து வரும் தண்ணீருக்கு வடிகட்டும் நிலையம் கட்டினால் பல நூறு கோடி டாலர் ஆகும் என்று தெரிந்ததும், அதைவிடக் குறைந்த செலவில் நீர்ப்பிடிப்புப் பகுதியைக் காப்பாற்றுவது என்று மேலே இருந்த ஊர்களோடு 1997ல் உடன்பாடு போட்டது. இன்றுவரை அந்த நகரத்துத் தண்ணீரில் பெரும்பகுதி வடிகட்டப்படாமல், கிருமிநீக்கம் செய்துதான் வருகிறது.

இப்போது 1 ஏக்கர் விதி. இதைக் கேட்டதும் ஊரில் பலருக்கும் திருப்தியாக இருந்திருக்கும், ஏக்கருக்கு ஒரு வீடுதானே, தோட்டம் துரவோடு பசுமையாக இருக்குமே என்று. எனக்கு அந்தத் திருப்தி இல்லை. தண்ணீருக்கு வீட்டு எண்ணிக்கை தெரியாது, அது இறங்க முடியாத தரை எவ்வளவு என்பதுதான் கணக்கு: கூரை, சிமென்ட் முற்றம், கார் நிற்கும் இடம், எல்லாவற்றையும்விட சாலை. 1 ஏக்கர் கடினத் தரைமேல் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 1 லட்சம் லிட்டர் தண்ணீர் மண்ணுக்குள் போகாமல், தரையில் கிடக்கும் எண்ணெய், சாணம், உரம் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு ஓடைக்கு ஓடும். நீர்ப்பிடிப்புப் பகுதியில் இப்படிப்பட்ட தரை 10 சதவீதத்தை நெருங்கும்போதே ஓடைகள் கெடத் தொடங்குவதையும், 25 சதவீதத்தைத் தாண்டினால் மீட்பது மிகக் கடினமாகிவிடுவதையும் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 10 என்பது கத்தி வைத்து வெட்டிய கோடு இல்லை, மண்ணையும் சரிவையும் பொறுத்து முன்பின் ஆகும், ஆனால் திட்டமிட ஒரு எண் வேண்டும் என்றால் இதைவிட நல்ல எண் எனக்குத் தெரியாது.

வட கரோலினா மாநிலம் 1989ல் கொண்டுவந்த குடிநீர் நீர்ப்பிடிப்புச் சட்டத்தின் விதிகள் இதற்கு ஒரு நேரான வாய்ப்பாடு தருகின்றன. 2 ஏக்கருக்கு ஒரு வீடு என்றால் 6 சதவீதக் கடினத் தரைக்குச் சமம், 1 ஏக்கருக்கு ஒரு வீடு என்றால் 12 சதவீதம். அங்கே நன்றாகப் பாதுகாக்கப்படும் நீர்ப்பிடிப்பு வகை ஒன்றில், நீர்த்தேக்கத்தை ஒட்டிய அரை மைல், அதாவது சுமார் 800 மீட்டர், 6 சதவீதப் பட்டை, மீதி 12. உங்கள் வரைவை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள்: 100 மீட்டரைத் தாண்டியதுமே 12 சதவீதம், மேலே மலை உச்சி வரைக்கும் அதேதான். விதியை ஒருவர்கூட மீறாமல், எல்லோரும் ஒழுங்காக நடந்துகொண்டாலே ஏரி கெடும் அளவைத் தாண்டிவிடும். மனை பெரிதாகப் பெரிதாக ஒவ்வொரு வீட்டுக்கும் சாலை நீளமாகிறது என்பதையும் யாரும் யோசிப்பதில்லை. அதனால் குறைந்தபட்ச மனை அளவை விட்டுவிட்டு, மொத்தக் கடினத் தரைக்கு உச்சவரம்பு கேளுங்கள், அந்த வரம்புக்குள் பத்து வீட்டை ஓடையிலிருந்து தள்ளி ஒரே இடத்தில் நெருக்கமாகக் கட்டிவிட்டு மிச்ச நிலத்தை நிரந்தரமாகக் காடாகவோ மேய்ச்சலாகவோ விடலாம் என்று வழி வையுங்கள். என் அனுபவத்தில் இதுதான் நிலம் வைத்திருப்பவருக்கும் கட்டுப்படியாகும்.

கழிவுநீர்க் குழாய் பற்றி வரைவில் ஒரு வார்த்தைகூட இல்லை. அது பெரிய ஓட்டை. அமெரிக்காவின் பால்டிமோர் கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) 1967ல் வரைபடத்தில் ஒரு கோடு போட்டு, இதற்கு வெளியே பொதுக் குடிநீர், கழிவுநீர்க் குழாய் வராது என்று முடிவு செய்தது, பால்டிமோர் நகரத்துக்குத் தண்ணீர் தரும் நீர்த்தேக்கங்களைச் சுற்றிய சரிவுகள் இன்னும் பெரும்பாலும் வயலும் காடுமாக இருப்பதற்கு அந்தக் கோடு ஒரு முக்கியக் காரணம். குழாய் போன இடத்துக்கு மனை போகும், பின்னால் எந்த விதி போட்டும் நிறுத்துவது கஷ்டம். உங்கள் ஊரில் அடுத்த சில வருடத்துக்கான குழாய்த் திட்டம் இருக்கிறதா, அது எந்தப் பக்கம் போகிறது என்று விசாரியுங்கள், அது இந்த மண்டல விதியோடு முட்டினால் விதி தோற்றுவிடும்.

சித்தப்பா விஷயம். அவரைப் பேராசைக்காரராக நினைக்காதீர்கள், கூட்டத்தில் அப்படி யாரையும் பேசவும் விடாதீர்கள். பல வருடமாக வைத்திருக்கும் நிலம், பிள்ளைகளுக்கு என்று மனதில் ஒரு கணக்கு இருந்திருக்கும், ஒரு அறிவிப்பில் அது மாறுகிறது என்றால் யாருக்கும் வலிக்கும். அவருடைய கேள்வி நியாயமானது: ஊர் முழுக்கக் குடிக்கிற தண்ணீருக்கு நான் மட்டும் ஏன் விலை கொடுக்க வேண்டும்? இதற்குப் பதில் இல்லாத விதி அரசியலில் நிலைக்காது. பதில் சொல்ல மூன்று வழிகள் உண்டு. விற்க விரும்புகிறவரிடம் சந்தை விலைக்கு நிலம் வாங்குவது, 1997 உடன்பாட்டுக்குப் பிறகு நியூயார்க் அப்படித்தான் வாங்கியது, கட்டாயமாக எடுக்கவில்லை. நிலத்தை அவரிடமே விட்டுவிட்டுக் கட்டும் உரிமையை மட்டும் விலைக்கு வாங்குவது. அந்த உரிமையை ஊருக்குள் வேறு இடத்தில் கட்டுபவருக்கு விற்க வழி செய்வது, நியூ ஜெர்சியின் பைன்லேண்ட்ஸ் பகுதியில் 1980களிலிருந்து இது நடக்கிறது, அங்கேயும் அடியில் இருக்கும் நிலத்தடி நீர் பெரிய காரணம். இதற்கெல்லாம் பணம் எங்கே என்று கேட்பார்கள். தண்ணீர்க் கட்டணத்தில் ஒரு சிறு பங்கு, குடிப்பவர்கள் எல்லோரும் கொடுப்பது. சங்கத்தில் இதைச் சொல்ல உங்களுக்குத் தயக்கம் இருக்கும், ஆனால் கீழே இருப்பவர்கள் ஒரு காசும் தராமல் மேலே இருப்பவர்கள் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று கேட்டால் சித்தப்பா கோபப்படுவது சரிதான்.

அதே சமயம், விற்றால் கிடைக்கக்கூடிய உச்ச விலையை எந்தச் சட்டமும் உறுதி தருவதில்லை. வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி 1982ல் ஆக்கோக்வான் நீர்த்தேக்கத்தைக் காக்கச் சுமார் 41,000 ஏக்கரை ஒரே முடிவில் 5 ஏக்கருக்கு ஒரு வீடு என்று மாற்றியது, நில உரிமையாளர்கள் நீதிமன்றம் போனார்கள், 1985ல் கவுண்டி வென்றது. குடிநீர் என்ற நோக்கமும் அதற்கான ஆய்வும் கையில் இருந்தது பெரிய பலம். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், நீங்கள் ஒரு வழக்கறிஞரிடமும் கேட்டுக்கொள்ள வேண்டும், ஆனால் கணக்கு இல்லாமல் போட்ட விதி எங்கேயும் சுலபமாக உடையும்.

இன்னொன்று, வீடு கட்டுவதை மட்டும் கட்டுப்படுத்திவிட்டு விவசாயத்தைக் கண்டுகொள்ளாமல் விட முடியாது. டொலிடோவில் பாசிக்குத் தீனி போட்டது முக்கியமாக வயல்களிலிருந்து வந்த உரம்தான். ஓடைக் கரையில் உழாமல் ஒரு பட்டை, சாணக் குவியலுக்கு ஒரு தூரம், மாடு ஓடைக்குள் இறங்காமல் தண்ணீர்த் தொட்டிக்கு உதவி, இவ்வளவுதான் கேட்க வேண்டும், அதிகம் கேட்டு விவசாயியை மனை வியாபாரியிடம் தள்ளிவிடாதீர்கள்.

சரி, ரிசார்ட். சொந்தச் சுத்திகரிப்பு என்பது கேட்க நன்றாக இருக்கிறது. மின்சாரம் போன இரவில் அதை யார் பார்ப்பார்கள், பத்து வருடம் கழித்து நிறுவனம் கைமாறினால் யார் பொறுப்பு, சுத்தம் செய்த தண்ணீர் எங்கே போகிறது, அதில் பாஸ்பரஸ் எவ்வளவு, யார் சோதிப்பார்கள் என்று கேளுங்கள். இதற்கெல்லாம் நல்ல பதில் வந்தாலும் கார் நிறுத்துமிடமும் கூரையும் சாலையும் அப்படியேதான் இருக்கும், அதை எந்தச் சுத்திகரிப்பு நிலையமும் சரி செய்யாது. நான் மன்றத்தில் இருந்தால் மறுப்பேன்.

இங்கேதான் அந்த மூன்று சொற்களுக்கு வருகிறேன். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நீர்ப்பிடிப்புப் பகுதி 2,000 ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம், 10 சதவீத வரம்பு என்றால் 200 ஏக்கர் கடினத் தரை. இப்போதே 140 ஏக்கர் இருக்கிறது என்றால் மிச்சம் 60. ரிசார்ட் 12 ஏக்கர் கேட்கிறது. அவர்கள் மன்றத்தில் என்ன சொல்வார்கள்? மொத்தப் பரப்பில் 0.6 சதவீதம்தான், ஒன்றும் ஆகாது என்பார்கள். உண்மைதான், 0.6 தான். ஆனால் மிச்சமிருப்பதில் அது ஐந்தில் ஒரு பங்கு. அடுத்து ஒரு பள்ளி வரும், அதற்குத் தகுந்த காரணம் இருக்கும், அப்புறம் ஒரு கோவிலோ மண்டபமோ, அதற்கும் இருக்கும், ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சின்னது, ஒவ்வொன்றுக்கும் மன்றத்தில் கை தூக்க மனம் வரும். நான் பார்த்த வரையில் நீர்ப்பிடிப்பு விதிகள் ஒரே நாளில் ரத்து செய்யப்பட்டு அழிவதில்லை, தளர்வு தளர்வாகத்தான் கரைகின்றன.

அதனால் தளர்வுப் பிரிவை இப்படி மாற்றி எழுதச் சொல்லுங்கள். நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதற்கும் கடினத் தரைப் பதிவேடு ஒன்று, எவ்வளவு வரம்பு, எவ்வளவு ஆகிவிட்டது, எவ்வளவு மிச்சம் என்று எல்லோரும் பார்க்கும்படி. எந்த அனுமதியும், தளர்வானாலும் சாதாரண வீடானாலும், அந்தப் பதிவேட்டிலிருந்து கழிக்கப்பட்ட பிறகே செல்லும். ஏற்கனவே பத்திரம் ஆன தனி மனைக்கு ஒரு வீடு கட்டும் உரிமையை விதியிலேயே கொடுத்துவிடுங்கள், அதைத் தளர்வு என்று கெஞ்ச வைக்க வேண்டாம், உங்கள் சித்தப்பா மாதிரி ஆட்களின் பயம் பாதி இதில் தீரும். அதற்கு மேல் தளர்வு கேட்பவர், வேறு இடத்தில் அதே அளவு கடினத் தரையை உடைத்து மண்ணாக்கிக் காட்ட வேண்டும், அல்லது அதே நீர்ப்பிடிப்பில் யாருடைய கட்டும் உரிமையையாவது வாங்கி ரத்து செய்ய வேண்டும். மன்றத்தின் சாதாரணப் பெரும்பான்மை போதாது, நான்கில் மூன்று பங்கு வேண்டும், குடிநீர் வழங்கும் துறையின் எழுத்துபூர்வமான ஒப்புதலும் வேண்டும். நீர்ப்பிடிப்பின் ஒரு பகுதி பக்கத்து ஊராட்சியின் எல்லைக்குள் விழுகிறதா என்றும் பாருங்கள், பெரும்பாலும் விழும், அப்படியானால் இதே பதிவேட்டுக்கு அவர்களும் உடன்பட வேண்டும்.

கடைசியாக, அவசரமான ஒன்று. வரைவு வெளியான நாளிலிருந்து விதி அமலாகும் நாள் வரைக்கும் என்ன நடக்கும் தெரியுமா, எல்லா மனைப்பிரிவு விண்ணப்பங்களும் அந்த இடைவெளியில் வந்து விழும், பழைய விதியின் கீழ் அனுமதி வாங்கி வைத்துக்கொள்வார்கள், புதிய விதி வரும்போது காப்பாற்ற எதுவும் மிச்சமிருக்காது. தாஹோ ஏரியைச் சுற்றித் திட்டம் தயாராகும் வரை 32 மாதம் கட்டுமானத்தை நிறுத்தி வைத்தார்கள், அது செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2002ல் சொன்னது. உங்களுக்கு அவ்வளவு காலம் தேவையில்லை, ஆறு மாதமோ ஒரு வருடமோ தற்காலிக நிறுத்தம் போதும், ஆனால் முடிவுத் தேதி எழுதியிருக்க வேண்டும், இல்லையென்றால் அது வேறு விதமான அநியாயம். இதைக் கூட்டம் வரை தள்ளிப்போடாமல் இந்த வாரமே மன்றச் செயலாளரிடம் மனுவாகக் கொடுங்கள், உங்கள் நகலில் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.